ஒரே ஒரு ‘சொல்லு’

நவம்பர் 18, திங்கள். ஒஸ்லோ

வந்து சேர்ந்துவிட்டோம்! விமான நிலையத்தை விட்டு வெளியே வரும்போது மணி ஐந்துகூட ஆகவில்லை, ஊரே இருட்டு. பூபதி கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தான். “அது சரியாத்தாண்டா ஓடுது, இங்க சூரியன்தான் சீக்கிரம் ஷட்டர இறக்கிட்டுப் போயிருச்சு” என்றேன்.

எங்களை வரவழைத்தவர் ஸோல்வெய் என்ற பெண்மணி. கம்பெனி விருந்துகளுக்குப் பாட்டுக்காரர், வித்தைக்காரர் எல்லாம் ஏற்பாடு செய்து கொடுப்பது அவர் தொழில். நார்வேயில் நவம்பர் பாதியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை ஒவ்வொரு கம்பெனியும் தன் ஆட்களுக்குப் பெரிய விருந்து வைக்குமாம். ‘யூலெபூர்’ என்கிறார்கள். நம்மூர் ஆபீஸ் ஆண்டு விழாவையும் கல்யாணப் பந்தியையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் வருவது. சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவில் நாங்கள் மேடையேறி மனதைப் படிக்க வேண்டும்.

காரில் வரும்போதே ஸோல்வெய் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். கடைசி நிகழ்ச்சி டிசம்பர் இருபது, இதே ஒஸ்லோவில். அதைப் பார்க்க ஒரு கப்பல் கம்பெனிக்காரர் வருவார். அவருக்குப் பிடித்துவிட்டால் சுற்றுலாக் கப்பலில் ஒரு வருடம், எங்கள் இருவருக்கும். பிடிக்காவிட்டால் இருபத்திரண்டாம் தேதி விசா முடிகிறது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஊருக்குப் போனால் பூபதிக்கு அவன் அண்ணனின் மஞ்சள் மண்டி காத்திருக்கிறது. எனக்கு அம்மா காத்திருக்கிறாள்.

அங்கயற்கண்ணி என்ற என் பெயர் ஸோல்வெய் வாயில் நுழையவில்லை. விளம்பரத்தில் ‘இங்கா’ என்று போட்டுவிட்டார். நல்ல நார்வேப் பெயராம். மதுரை புதுமண்டபத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த இங்கா! சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

நவம்பர் 19, செவ்வாய்

தொழில் ரகசியத்தை எழுதி வைக்கக் கூடாது என்பார்கள். ஆனால் தமிழ் தெரிந்த ஆள் இந்தப் பனிக்குள் எங்கிருந்து வரப்போகிறார்? தைரியமாக எழுதுகிறேன்.

நான் மேடையில் கண்ணைக் கட்டிக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். பூபதி மேஜைகளுக்கு நடுவே போய் யாரிடமாவது ஒரு பொருளை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வான். நான் நெற்றியில் விரல் வைத்து, கொஞ்சம் தவித்து, அது என்ன பொருள் என்று சொல்லிவிடுவேன். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. ‘சொல்லு’ என்றால் கைக்கடிகாரம். ‘சொல்லுங்க’ என்றால் மோதிரம். ‘சொல்லேன்’ பேனா. ‘சொல்லுங்களேன்’ சாவி. தங்கமா வெள்ளியா, என்ன நிறம் என்பதெல்லாம் அவன் இழுக்கிற இழுப்பில் தெரிந்துவிடும். ஊரில் வேறு முறை வைத்திருந்தோம். இது இந்தப் பயணத்துக்காக நானே மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தது. யாரும் பாராட்டாததால் நானே பாராட்டிக்கொள்கிறேன்.

இந்த ஊர்க்காரர்கள் காதில் இவை எல்லாமே ஒரே ‘சொல்லு’தான். இவர்கள் பாஷையில் நீ, நீங்கள் வித்தியாசம் எப்போதோ மறைந்துவிட்டதாம். முதலாளியும் நீ, டாக்டரும் நீ என்றார் ஸோல்வெய். ஆக, மரியாதைக்குத் தனிச்சொல் இல்லாத நாட்டில் மரியாதையை வைத்துப் பிழைக்க வந்திருக்கிறோம்.

ஒரே சிக்கல் பூபதி. கோபிச்செட்டிபாளையத்துக்காரன். தெருநாயை விரட்டினாலும் ‘போங்க’ என்றுதான் விரட்டுவான். நாங்கள் இருவரும் கோயம்புத்தூரில் ஒரே பம்பு கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். நான் அவனுக்கு மேலதிகாரி, வயதிலும் மூன்று வருடம் மூத்தவள். கம்பெனி விழாவுக்காகத் தமாஷாகக் கற்றுக்கொண்ட வித்தை கடைசியில் வேலையையே விழுங்கிவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு அவன் ‘டேய்’, அவனுக்கு நான் ‘ஏனுங்க’.

இன்று காலை முழுக்க ஒத்திகை.

“வாட்ச்சுடா. சொல்லு. அம்புட்டுத்தான். எங்க, சொல்லு.”

“சொல்லு…ங்க.”

“அது மோதிரம்.”

“தெரியுதுங்க. வாய் வரமாட்டேங்குதுங்க.”

“என்னைய கொரங்குன்னு நெனச்சுக்கிட்டுச் சொல்லு.”

“கொரங்கையும் வாங்கன்னுதானுங்க கூப்புடுவோம்.”

அவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நவம்பர் 20, புதன்

மூன்று முறை ‘சொல்லு’ என்றான். ஒவ்வொன்றுக்கும் பிறகு “மன்னிச்சுக்கோங்க” என்றான். முன்னேற்றம்தான்.

நவம்பர் 22, வெள்ளி

வெற்றி! வெற்றி! வெற்றி!

காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் விருந்து. நீள நீள மேஜைகள், மெழுகுவத்திகள், உப்புப் போட்டுக் காயவைத்த ஆட்டு விலா, மலை மலையாக அவித்த உருளைக்கிழங்கு. பாதிப் பேர் ஏற்கெனவே பாட ஆரம்பித்திருந்தார்கள். பூபதி முதல் மேஜையில் ஒரு கடிகாரத்தை வாங்கினான். இரண்டு நொடி அமைதி. பிறகு கணீரென்று, “சொல்லு!”

“கைக்கடிகாரம்” என்றேன். ஹால் அதிர்ந்தது!

தாடிக்காரர் ஒருவர் எழுந்து வந்து டார்ச் அடித்து என் காதுக்குள் பார்த்தார். கருவி எதுவும் இல்லை. திருப்தியில்லாமல், “இனி ஒரே ஒரு வார்த்தைதான் பேச வேண்டும், அதே வார்த்தை” என்று கட்டளை போட்டார். பூபதி பணிவாகத் தலையாட்டினான். சொல்லுங்க, சொல்லேன், சொல்லுங்களேன் என்று வரிசையாக அடித்தான். தாடிக்காரர் ஒவ்வொன்றுக்கும் விரல் மடக்கி, அதே வார்த்தை, அதே வார்த்தை என்று கூட்டத்துக்குச் சாட்சி சொன்னார். எங்களுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா!

ஒரு வேடிக்கை. ஸோல்வெயிடம் “பிடித்திருந்ததா?” என்று கேட்டேன். அவர் ‘ஹுப்’ என்று மூச்சை உள்ளே இழுத்தார். பூபதி பதறிப்போய் ஜக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான், ஆஸ்துமா என்று நினைத்து. பிறகுதான் தெரிந்தது, இங்கே நிறையப் பேர் ‘ஆமாம்’ என்பதை வாயைத் திறந்து சொல்வதில்லை, மூச்சை இழுத்து உள்ளுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு இது புதையல். நான் சரியாகச் சொல்லும்போது அந்த மூச்சு எனக்குக் கேட்கும். இனி அதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

நவம்பர் 24, ஞாயிறு

அவித்த உருளைக்கிழங்கில் இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் போட்டுச் சாப்பிட்டோம். இதை நார்வேக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் வித்தையே காட்ட வேண்டாம்.

அம்மா கூப்பிட்டாள்.

“ஏண்டி, அங்கிட்டு ரொம்பக் குளுருதா? பக்கத்து வீட்டுக்காரி கேக்குறா, மகளுக்கு என்ன வேலைன்னு. மென்டலிஸ்ட்டுன்னேன். ஐயோ பாவம், வைத்தியம் பாக்கலையான்றா.”

அதன் பிறகு சங்கதிக்கு வந்தாள். திண்டுக்கல்லில் ஒரு மாப்பிள்ளை. சொந்த வீடு, ரைஸ் மில், கார். “முப்பத்திரெண்டு வயசாகுதுடி ஒனக்கு. அவுக தங்கமான ஆளுக. மார்கழியா இருந்தாலும் வாய்வார்த்தை வாங்கிக்கிறோம்னுட்டாக. இருபத்தோராந்தேதி வரைக்கும் பொறுத்துக்கிறாகளாம். அன்னைக்கு நான் போன் போடுவேன். சரியா இல்லையா, ஒரு வார்த்த சொல்லிப்புடு.”

கப்பல் கிடைத்தால் ஒரு வருடம் தள்ளிப்போடலாம். கிடைக்காவிட்டால் அம்மாவிடம் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. ஆகவே கப்பல் கிடைத்தே ஆக வேண்டும். எல்லாம் தொழில் மேல் உள்ள ஆசைதான்.

நவம்பர் 30, சனி. ரயிலில்

நேற்று த்ரோண்ட்ஹைமில் ஒரு மென்பொருள் கம்பெனி. அமர்க்களம்! எழுந்து நின்று கைதட்டினார்கள். பூபதிக்கு இப்போது ‘சொல்லு’ தண்ணீர் பட்டபாடு. மன்னிப்பெல்லாம் கேட்பதில்லை.

ரயிலில் ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் இடமெல்லாம் வெள்ளை. எனக்குக் கண் சொருகியது. “நீ தூங்கு, எறங்குற எடம் வந்தா எழுப்பறேன்” என்றான். சொன்ன பிறகு அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. “தூங்குங்க” என்று திருத்தினான். காது மடல் சிவந்துவிட்டது. மேடைப் பழக்கம் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது, வேறொன்றுமில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கம்தான் வரவில்லை, இருக்கை சரியில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

பனியில் வழுக்காமல் இருக்கக் காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் முள் வாங்கினோம். பூபதி குனிந்து என் பூட்ஸில் மாட்டிவிட்டான். “ஆடாம நில்லு” என்றான். இந்தத் தடவை திருத்தவில்லை.

டிசம்பர் 7, சனி

நேற்றைய நிகழ்ச்சி அருமை. ஒரு வங்கி. இன்று மனநிலை சரியில்லை, என்னுடையது அல்ல, அவனுடையது.

சமையலறையில் அவன் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தான். என் கையெல்லாம் மாவு, அதனால் அம்மா கூப்பிட்டபோது ஸ்பீக்கரில் போட்டேன். எடுத்த எடுப்பிலேயே “திண்டுக்கல் மாப்ள போட்டோ அனுப்பிருக்கேன், பாத்தியாடி?” என்றாள். அவசரமாக அணைப்பதற்குள் வீடு, மில், கார் எல்லாம் சமையலறைக்குள் வந்துவிட்டன.

வெங்காயம் கருகியது. சாப்பிடும்போது அவனே ஆரம்பித்தான்.

“நல்ல எடமாட்ட இருக்குதுங்க.”

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லல.”

“வீடு, மில்லு, காருங்க. நம்மளாட்ட வெறுங்கைய வீசிட்டு வந்தவங்க இல்லீங்க.”

தட்டைக் கழுவி வைத்தான். “நீங்க படுத்துக்கோங்க, நான் நாளைக்குத் துணியெல்லாம் எடுத்து வெச்சுக்கறேனுங்க” என்றான். ஒரு வாக்கியத்தில் இத்தனை ‘ங்க’வை அவன் வாயில் நான் கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. என்ன கோபமோ! எத்தனையோ பேர் மனதைப் படிக்கிற எனக்கு இது மட்டும் விளங்கவில்லை என்று எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 14, சனி. பெர்கனிலிருந்து திரும்பும் ரயிலில்

நேற்று சொதப்பிவிட்டோம். முழுவதும் எழுதப்போகிறேன்.

பெர்கனில் சாரல் விடவே இல்லை. கப்பல் உதிரிபாகம் செய்கிற கம்பெனி, பெரிய ஹால். முதல் பொருள். “சொல்லுங்க” என்றான். “மோதிரம்” என்றேன். ஒரு மூச்சுகூட உள்ளே இழுக்கப்படவில்லை. அது கைக்கடிகாரமாம். இரண்டாவது, “சொல்லுங்களேன்.” சாவி. சரி. மூன்றாவது, “சொல்லுங்க.” மோதிரம். சரி. நான்காவது, மறுபடியும் “சொல்லுங்க.” “மோதிரம்” என்றேன், அது கடிகாரம். மறுபடியும் தப்பு. சாவியும் மோதிரமும் பிழைத்தன, கடிகாரம் மட்டும் என்னைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தது. கூட்டம் நாகரிகமாகக் கைதட்டியது, அது திட்டுவதைவிட மோசம். நடுவில் ஒரு மேஜையிலிருந்து ஒரு பெண் மட்டும் பொருத்தமே இல்லாமல் சத்தமாகச் சிரித்தாள்.

கோட்டுகள் மாட்டும் அறையில் அந்தச் சிரிப்புக்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு ஸ்வெட்டர், நாற்பது வயதிருக்கும், கையில் ஒயின் கிளாஸ்.

“நீங்கள் தமிழ்தானே? நான் சிவகௌரி. இஞ்ச கணக்குப் பிரிவில இருக்கிறன். ஊர் யாழ்ப்பாணம்.”

தமிழ் தெரிந்த ஆள் எங்கிருந்து வரப்போகிறார் என்று பெரிய மேதாவியாட்டம் எழுதி வைத்தேனே! நார்வே முழுக்கத் தமிழர்கள் இருக்கிறார்களாம், பெர்கனிலேயே தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிறதாம். தொழில் போச்சு, கப்பல் போச்சு என்று நினைத்தேன்.

“எல்லாம் புரிஞ்சிருச்சா?” என்றேன் மெல்ல.

“வடிவா விளங்கிட்டுது! அந்தப் பெடியன் உங்களோட கோவமோ?”

“என்னது?”

“போன கிழமை என்ர சிநேகிதி ஒருத்தி வங்கிப் பார்ட்டியில உங்களைப் பாத்தவள், வீடியோ அனுப்பினவள். அதில அவர் ‘சொல்லு’ எண்டு உரிமையாக் கேக்கிறார். இண்டைக்கு ஒரே ‘சொல்லுங்க, சொல்லுங்க’. எனக்குச் சிரிப்பு அடக்க ஏலாமப் போட்டுது. புருசன் பெண்சாதிச் சண்டையை மேடையில வச்சுப் பிடிக்கிறியளோ?”

அவளுக்குச் சங்கேதம் புரியவே இல்லை! அந்த ஹாலில் எங்கள் பாஷை தெரிந்த ஒரே ஆள், நாங்கள் உண்மையிலேயே மனதைப் படிப்பதாக நம்பியிருக்கிறாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“நாங்க புருசன் பொண்டாட்டி இல்லைங்க. ஒண்ணா தொழில் பண்றோம்.”

“அப்பிடியோ?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எங்கட பக்கம் ‘நீ’ எண்டு கதைச்சால் மரியாதை இல்லை. ‘நீங்கள்’ எண்டால் கொஞ்சம் தூரம். அதுக்கு நடுவில எங்களிட்ட ஒரு சொல்லு இருக்கு. ‘நீர்’. என்ர மனுசன் என்னை ‘நீர்’ எண்டுதான் கதைக்கிறவர். வாரும், இரும், சொல்லும். கோவம் வந்தால் மட்டும் ‘நீங்கள்’ எண்டுவார். அண்டைக்கு வீட்டில பொல்லாத அமைதி.”

கிளாஸை என் கையில் திணித்துவிட்டு, கோட்டைத் தேடி எடுத்துக்கொண்டு, “உங்கட ஆளின்ர மனசைப் படிக்கிறதுக்குக் கண்ணைக் கட்டத் தேவையில்லைப் பிள்ளை” என்று சொல்லிச் சிரித்தபடி போய்விட்டாள். ஒயின் குடித்தால் ஏதேதோ பேசுகிறார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் பூபதியிடம் பாய்ந்தேன். “வாட்ச்சுக்கு என்னடா வார்த்த?”

“சொல்லு…ங்க.”

“டேய்!”

“முடியலீங்க. இன்னொருத்தர் வீட்டுக்குப் போகப் போறவங்களப் பார்த்து ‘சொல்லு’ன்னு எப்படீங்க சொல்றது?”

மழை பெய்துகொண்டிருந்தது. பேருந்து வந்ததும் அவனுக்கு முன்னால் ஏறிக்கொண்டேன்.

ரயில் மலைக்கு மேலே ஏறிவிட்டது. அவன் எதிரே உட்கார்ந்து உறைந்த ஏரியைப் பார்க்கிறான். சற்று முன் சும்மா இருக்க முடியாமல், சிவகௌரி சொன்னதில் பாதியை மட்டும் சொன்னேன்.

“யாழ்ப்பாணத்துல நீக்கும் நீங்களுக்கும் நடுவுல ஒரு வார்த்த இருக்காம்டா. நீர். வாரும், இரும், சொல்லும்.”

“அப்படீங்களா?” என்றான். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலைப் பார்த்தபடியே வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். கண்ணாடியில் அவன் மூச்சு படிந்து மறைந்தது. என்ன சொல்லிப் பார்த்தான் என்று எனக்குத் தெரியாது. உதடு குவிந்து மூடியது மட்டும் தெரிந்தது.

டிசம்பர் 17, செவ்வாய்

ஒத்திகை. “தொழிலுக்காக மட்டும்” என்று நிபந்தனை போட்டு ‘சொல்லு’வைத் திரும்ப வாங்கிவிட்டேன். மேடையில் நீ, மேடையை விட்டு இறங்கினால் நீங்க. சரியென்று கையெழுத்துப் போடாத குறை.

அம்மாவிடமிருந்து செய்தி. ‘சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு போன் போடுவேன்.’

டிசம்பர் 19, வியாழன்

ஸோல்வெய் வந்தார். கப்பல்காரர் பெயர் ஹோகோனாம். வித்தைக்காரர்களைக் கவிழ்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் மனிதராம். போன வருடம் ஒரு சீட்டுக்கட்டு வித்தைக்காரரை மேடையிலேயே அழவைத்துவிட்டாராம். எனக்குப் பயம் வர வேண்டும். ஆனால் உள்ளங்கால் குறுகுறுக்கிறது, தீபாவளிக்கு முந்தைய நாள் போல. வரட்டும் அந்த ஹோகோன்!

டிசம்பர் 21, சனி. காலை

அம்மா கூப்பிடுவதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும். போன் பக்கத்திலேயே இருக்கிறது.

நேற்று ஹால் நிரம்பி வழிந்தது. ஹோகோன் முன் மேஜையில் இருந்தார். நல்ல உயரம், சிரிக்காத முகம். நாங்கள் தொடங்கியதுமே எழுந்துவிட்டார். “பொருளை நான் தேர்ந்தெடுத்து இவர் கையில் வைப்பேன். இவர் அந்த ஒரு வார்த்தையைத் தவிர எதுவும் பேசக் கூடாது” என்றார். எங்கள் தந்திரத்தில் பாதி, பட்டியலில் உள்ள பொருளை மட்டும் பூபதி பொறுக்கி எடுப்பதுதான். அது போச்சு. கண்கட்டுக்குள் எனக்கு வியர்த்தது.

“சொல்லேன்.”

“பேனா.” கைதட்டல்.

“சொல்லுங்க.”

“மோதிரம்.” கைதட்டல்.

“சொல்லு!” எவ்வளவு நாளாயிற்று மேடையில் அந்தக் குரலை அப்படிக் கேட்டு! “கைக்கடிகாரம். பழசு. தோல் பட்டை” என்றேன். பின்னால் எங்கோ ஸோல்வெய் விசில் அடித்தார்.

“சொல்லுங்களேன்.” சாவி. ஹால் தரையைக் காலால் உதைத்தது.

கடைசிப் பொருள். ஹோகோன் அவன் கையில் எதையோ வைத்து விரல்களை மடக்கி மூடுகிறார் என்று கூட்டத்தின் சலசலப்பில் ஊகித்தேன். அமைதி. பூபதி வாயைத் திறக்கவில்லை. யாரோ இருமினார்கள். பட்டியலில் இல்லாத பொருள் வந்து மாட்டிக்கொண்டது, முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அப்போது அவன் சொன்னான். மெதுவாக, ஆனால் தெளிவாக.

“சொல்லும்.”

எனக்கு ரத்தம் முழுக்க முகத்துக்கு ஏறிவிட்டது. எங்கள் சங்கேதத்தில் அந்த வார்த்தையே கிடையாது. முதலில், இவன் நிகழ்ச்சியை மறந்துவிட்டான், இருநூறு பேர் முன்னால் என்னிடம் என்னவோ கேட்கிறான் என்று நினைத்தேன். பிறகு யோசித்தேன். பூபதி நிதானஸ்தன். கப்பலைக் கடலில் தூக்கிப் போட்டுவிட்டுப் பேசுகிறவன் இல்லை. என்னிடம் ஏதோ சொல்லத்தான் பார்க்கிறான். ‘சொல்லு’ இல்லை, ஆக கடிகாரம் இல்லை. ‘சொல்லுங்க’ இல்லை, மோதிரமும் இல்லை. எதற்கும் சேராத ஒரு வார்த்தையை எப்போது எடுப்பான்? எதுவுமே இல்லாதபோது எடுப்பான்! அந்த வார்த்தை அவனுடைய சொந்த வார்த்தை. ரயில் ஜன்னலில் தனியாகச் சொல்லிப் பார்த்து வைத்துக்கொண்டது. தன்னைப் பற்றித்தான் அதைச் சொல்வான். தன்னைப் பற்றி அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது என்ன? வெங்காயம் கருகிய அன்று, வீடு இல்லை, மில் இல்லை, கார் இல்லை, வெறுங்கை.

விரலை நெற்றியிலிருந்து எடுத்துவிட்டேன். நடிப்பதற்கே தோன்றவில்லை.

“ஒன்றுமில்லை” என்றேன் ஆங்கிலத்தில். “அவர் கையில் ஒன்றுமில்லை. வெறும் கை.”

பிறகு முன் மேஜையிலிருந்து ‘ஹுப்’ என்று ஒரு மூச்சு உள்ளே போவது கேட்டது. ஹோகோன்! அந்தச் சிரிக்காத மனிதர்! அதற்கப்புறம் கேட்ட சத்தத்தில் என் நாற்காலி ஆடியது. கண்கட்டை அவிழ்த்துத் திரும்பினேன். பூபதி நடு ஹாலில் கையை விரித்து உயர்த்திப் பிடித்தபடி நின்றான், எல்லோருக்கும் காட்டுவதுபோல. ஆனால் பார்த்தது என்னைத்தான்.

கப்பல் எங்களுக்குத்தான். ஹோகோன் அங்கேயே கைகொடுத்துச் சொல்லிவிட்டார். பிப்ரவரியில் பெர்கனிலிருந்து புறப்படுகிறது. வழியனுப்ப சிவகௌரியைக் கூப்பிட வேண்டும்.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் நானும் அவனும் மட்டும். வெளியே ஹாலில் பாட்டு.

“எப்படீங்க கண்டுபுடிச்சீங்க?” என்றான். “நான் ஒரு குத்துமதிப்பாத்தான் விட்டனுங்க. அத நீங்க புடிப்பீங்கன்னு நெனைக்கவே இல்லீங்க.”

“எதுக்கு அந்த வார்த்தையச் சொன்ன?”

“கையில ஒண்ணுமில்லைங்கறதுக்கு நம்மகிட்ட வார்த்த இல்லீங்களே.” தரையைப் பார்த்தான். “அப்பறம், வேற ஒண்ணும் கேக்கோணும்னு இருந்துச்சுங்க. நீன்னு கேட்டா அதிகாரமா இருக்கும். நீங்கன்னு கேட்டா நீங்க எங்கியோ தூரத்துல இருக்கறாப்ல இருக்கும். அதான் கடன் வாங்குன வார்த்தையில கேட்டுட்டனுங்க.”

“என்ன கேட்ட? கேட்டது முழுசா காதுல விழல.”

நிமிர்ந்தான். காது மடல் இரண்டும் சிவப்பு. “திண்டுக்கல்லுக்கு மாட்டேன்னு சொல்லிருவீரா? சொல்லும்.”

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. அழுவது எனக்குப் பிடிக்காது. அதனால் இந்த ஊர்க்காரர்கள் செய்வதைச் செய்தேன். மூச்சை உள்ளே இழுத்தேன். ‘ஹுப்.’

“ஐயோ, என்னாச்சுங்க?” என்று பதறி, தண்ணீர் ஜக்கை எடுக்க ஓடினான்.

பாதி வழியில் நின்றான்.